எட்டுக் குழி, ஏழு சத்தம்

அப்பாவுக்குக் காது மந்தம். நாற்பது வருடம் கிணற்றுக்கு வேட்டு வைத்த காது. டி.வி.யை முழுச் சத்தத்தில் வைத்தாலும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் கேட்பார். ஆனால் நாலு வயல் தாண்டி எங்கேயோ ஒரு கிணற்றில் வேட்டுப் போட்டால் மட்டும் தலை நிமிர்ந்துவிடும். வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் பதில் வராது. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அப்புறம்தான் "என்ன கேட்ட?" என்பார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு இது புரியும். எங்கள் மண்ணில் பத்து, பன்னிரண்டு அடிக்குக் கீழே பாறைதான். கடப்பாரை எகிறும். கம்ப்ரஷர் டிராக்டரைக் கிணற்று மேட்டில் நிறுத்தி, ஓஸை உள்ளே விட்டு, அடியில் ஆள் நின்று குழி போட வேண்டும். குழிக்குள் வெடிமருந்து, மருந்துக்குள் அதை வெடிக்க வைக்கும் கேப்பு, கேப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு திரி. எல்லாத் திரியையும் அப்பா ஒரே அளவில் வெட்டமாட்டார். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளமாக இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால் எண்ண முடியாதே, அதற்காக. பற்ற வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, "வேட்டு... வேட்டு..." என்று நாலு பக்கமும் கத்திவிட்டு, புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று எண்ணுவார்.

எண்ணியதை எழுதியும் வைப்பார். சட்டைப் பையில் மடித்து வைத்த நாற்பது பக்க நோட்டு. தேதி, ஊர், கிணற்றுக்காரர் பெயர், அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் "குழி" என்று இருக்கும். இன்னொன்றில் "சத்தம்". இரண்டு கட்டத்திலும் ஒரே எண் இருந்தால் மறுநாள் காலையில் ஆட்கள் இறங்கிக் கல் அள்ளலாம். எண் ஒத்துவராவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. திரி ஈரமாகியிருக்கலாம். பக்கத்துக் குழி வெடித்த வேகத்தில் அறுந்திருக்கலாம். கேப்பே கெட்டுப்போயிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், உடைந்த கல்லுக்கு அடியில் ஒரு குழி மருந்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மண்வெட்டி எங்கே படும் என்று யாருக்குத் தெரியும்?

1993 கோடை விடுமுறையில் பர்கூர் பக்கம் ஒரு கிணற்றுக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார். ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அன்றைக்கு எட்டுக் குழி. நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன். ஏழோடு நின்றுவிட்டது. அப்பா புளியமரத்தடியில் அப்படியே உட்கார்ந்தார். மேஸ்திரி வந்து, "ரெண்டு சேர்ந்து போயிருக்கும்ணா, ஆளை இறக்கலாம்" என்றார். "எட்டுக் குழி, ஏழு சத்தம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். மேஸ்திரி கத்தினார், கெஞ்சினார், கூலி கிடையாது என்றார். மறுநாள் அப்பா மட்டும் தனியாக இறங்கி, வெடிக்காத குழியைத் தேடிப் பிடித்து, அதைத் தொடாமல் ஒரு முழத்துக்கும் மேல் தள்ளிப் புதுக் குழி போட்டு, இரண்டையும் சேர்த்து வெடிக்க வைத்தார். கல் அள்ளும் பெண்கள் ஆறு பேர், ஆண்கள் மூன்று பேர், யாருக்கும் அந்த ஒன்றரை நாளுக்குக் காசு இல்லை. வீட்டுக்கு வரும்போது அந்தப் பெண்கள் அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம்தான். ஒன்றரை நாள் கூலி என்பது அப்போது ஒரு வீட்டின் அரிசி.

இதை எழுதத் தூண்டியது கடல். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓசூர் வழியாக வந்த சம்பந்தம் அது.

ஓசூர் சிப்காட்டில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். டிப்ளமோ முடித்து இங்கே வந்தவன். இவனுக்குக் கடல் வேண்டாம் என்று அவன் அப்பாவே முடிவு பண்ணி அனுப்பி வைத்திருக்கிறார். போன மே மாதம் அவர் மகனைப் பார்க்க வந்திருந்தார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஊரில் சும்மா உட்கார முடியாமல் வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் எங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். தென்பெண்ணையின் குறுக்கே காமராஜர் காலத்தில், 1957-ல் திறந்த அணை. அதன் வாசலில் வரிசையாக மீன் வறுவல் கடைகள். எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் மீன் வாங்கித் தருவதுதான் வழக்கம். கடல்காரரை அணை மீன் தின்னக் கூட்டிப்போகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஜிலேபி மீனை முள் பிரித்துத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு தம்பி, கொஞ்சம் சேறு வாடை. ஆனா நல்லாருக்கு" என்றார்.

இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் இடது கை மணிக்கட்டில் கல் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. அதைப் பார்த்து அவர் கேட்டார், அப்பா வேட்டுத் தொழிலைச் சொன்னார். அதன் பிறகுதான் அவர் அந்தக் கதையை எடுத்தார். அவர் மகனுக்கே அதுவரை தெரியாத கதை.

"மடி ஏறும்போதே தெரிஞ்சிரும்ணே. மீன் கனம் வேற, கல்லு கனம் வேற. வலை இழுக்கற விஞ்சு முக்குச்சு. சரி, ஏதோ பாறைத் துண்டுன்னு நெனச்சோம்."

மடி என்பது இழுவலையின் அடிப் பை. அதை அவிழ்த்தபோது இறால், கணவாய், சங்காயம் என்கிற கழிவு மீன் எல்லாம் கலந்த குவியலுக்கு நடுவே அது விழுந்தது. ஒரு ஆள் கை நீளம். பனங்காய்ப் பருமன். மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு முனையில் நாலு தகடு, பூ இதழ் மாதிரி. இழுவலை கடல் தரையை அரித்துக்கொண்டு போவது. தரையில் என்ன கிடந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். நங்கூரத் துண்டு வரும், பழைய வலை வரும், உடைந்த ஜாடி வரும். ஆகவே முதலில் யாரும் பயப்படவில்லை. படகில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஐஸ் உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சிப்பியைத் தட்டிப் பார்த்துப் பித்தளையாக இருந்தால் காசு என்று. இவர்தான் டிரைவர். ஓடிவந்து அவன் கையைப் பிடித்திருக்கிறார்.

"அந்தச் சுத்தியல் எறங்க இவ்வளவு தூரம்தான்" என்று மேசையிலிருந்து கையை ஒரு சாண் உயர்த்திக் காட்டினார். அந்தக் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

மடியோடு சேர்த்து அறுத்து, பழைய வலையில் சுற்றி, நாலு பேர் பிடித்து, ஆட்டாமல் அசைக்காமல் பின்பக்கமாக நீரில் விட்டார்கள். படகை நகர்த்திக்கொண்டு வந்த பிறகு இவர் இன்னொன்று செய்தார். ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைக் குத்தி வைத்தார். பாறை இருக்கும் இடம், வலை கிழியும் இடம் எல்லாம் மீனவர்கள் இப்படித்தான் புள்ளி வைத்துக்கொள்வார்கள். அன்றிரவே வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுகளுக்கு அந்த இடத்தின் எண்ணைச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் மடி விடாதீங்க.

"கரையில யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார் அப்பா.

"சொல்லலண்ணே." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னா படகைக் கட்டிப் போட்டுருவாங்கன்னு பயம். விசாரணை எத்தனை நாள் ஓடும்? ஐஸ் கரைஞ்சா மீனு போச்சு. டீசல் கடன் நிக்குது. ஏழு பேருக்குப் பங்கு பிரிக்கணும். ஏற்கெனவே மடி போச்சு."

அன்றிலிருந்து மூன்று மாதமாக ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் இதைப் பற்றித்தான் படிக்கிறேன். படிக்கப் படிக்க அந்தச் சுத்தியல் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

1965 ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலினா கரைக்கு அப்பால் 'ஸ்னூப்பி' என்ற படகின் வலையில் போர்க்காலக் குண்டு ஒன்று சிக்கி வெடித்தது. 8 மீனவர்கள் செத்துப்போனார்கள். போர் முடிந்து அப்போதே 20 வருடம். 2005 ஏப்ரலில் நெதர்லாந்தின் 'மார்ட்டன் யாக்கோப்' படகில் வலையோடு மேலே வந்த இரண்டாம் உலகப் போர்க் குண்டு வெடித்து 3 பேர். 2020 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்தின் குரோமர் ஊருக்கு அப்பால் நடந்தது இன்னும் கொடுமை. 'கல்வாட் ய் மோர்' என்பது நண்டுப் படகு. கூண்டுகளைக் கோத்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு படகுக்கு வரவே இல்லை, யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. கயிறு கடல் தரையில் எதையோ அசைத்தது, அவ்வளவுதான். கீழே வெடித்த வேகத்தில் படகே தூக்கி எறியப்பட்டது. ஏழு பேர் இருந்த படகில் சிலருக்கு வாழ்நாள் முழுக்க மாறாத காயம். அவர்கள் தாத்தா காலத்துப் போர் அது.

கடலுக்குள் இவை எப்படிப் போயின? சண்டையில் விழுந்து வெடிக்காமல் போனது கொஞ்சம். பெரும்பங்கு போர் முடிந்த பிறகு வேண்டுமென்றே கொட்டியது. மீந்துபோன குண்டை என்ன செய்வது என்று தெரியாத அரசுகள், கப்பல் கப்பலாக ஏற்றி ஆழத்தில் தள்ளின. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலடியில் போஃபர்ட் பள்ளம் என்று ஒரு நீண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. 200, 300 மீட்டர் ஆழம். அதில் 10 லட்சம் டன்னுக்கு மேல் கொட்டினார்கள். ஆனால் கொட்டப் போன கப்பல்கள் எல்லாம் பள்ளம்வரை போகவில்லை. காற்று மோசம், இருட்டிவிட்டது, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று வழியிலேயே தள்ளிவிட்டு வந்தவையும் உண்டு. கணக்கில் பள்ளம் என்று எழுதியிருக்கும். 1995-ல் அந்தப் பக்கம் எரிவாயுக் குழாய் பதித்தபோது ஆயிரக்கணக்கில் பாஸ்பரஸ் தீக்குண்டுகள் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கின. ஜெர்மனியின் கடல் பகுதியில் மட்டும் 16 லட்சம் டன் கிடப்பதாக அந்த நாடே கணக்குச் சொல்கிறது. இப்படிக் கடலில் கொட்டுவதைத் தடுக்க உலக நாடுகள் லண்டனில் கூடி ஒப்பந்தம் போட்டது 1972-ல். அதற்குள் பெரும்பாலும் கொட்டி முடித்திருந்தார்கள்.

வெடிப்பது ஒரு வகை. வெடிக்காமலேயே எரிப்பது இன்னொரு வகை. பால்டிக் கடலில் 40,000 டன் இரசாயன ஆயுதங்களைத் தள்ளியிருக்கிறார்கள். அதில் அதிகம் கடுகு வாயு. வாயு என்று பெயரே தவிர அது எண்ணெய் மாதிரி ஒரு திரவம். 14 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பால்டிக் அடித்தரைக் குளிரில் குண்டின் கூடு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் உள்ளே இருந்தது களிமண் உருண்டை மாதிரி, மேலே ஓடு கட்டிக்கொண்டு, பல வருடம் அப்படியே கிடக்கும். வலையில் அது மண்ணாங்கட்டி என்றுதான் தெரியும். பிடித்துத் தூக்கிப் போட்டால் அப்போது ஒன்றும் ஆகாது. வலி இருக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பும், கண் வீங்கும். அதற்குள் அந்தக் கையால் மீனைத் தொட்டிருப்பார், முகத்தைத் துடைத்திருப்பார், சாப்பிட்டும் இருப்பார்.

இத்தாலியின் பாரித் துறைமுகத்தில் 1943 டிசம்பர் 2 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற 'ஜான் ஹார்வி' என்ற அமெரிக்கக் கப்பலில் 2,000 கடுகு வாயுக் குண்டுகள் இருந்த விஷயம் ரகசியம். தண்ணீரில் எண்ணெயோடு கலந்த விஷத்தில் நீந்தி வந்தவர்களுக்கு என்ன மருத்துவம் பார்ப்பது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. ராணுவ ஆட்களில் மட்டும் 83 பேர் இறந்தார்கள். அந்தக் கரையில் அதன் பிறகு ஐம்பது வருடத்தில் வலை இழுத்துக் கொப்புளம் கண்ட மீனவர்கள் பதிவில் இருப்பவர்களே 200-க்கும் மேல்.

ஜெர்மனியின் உசெடோம் தீவுக் கரையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடற்கரையில் அம்பர் என்ற மஞ்சள் நிற மரப்பிசின் கல் ஒதுங்கும். குழந்தைகளும் சுற்றுலா வருகிறவர்களும் பொறுக்குவார்கள். போர்க் குண்டுகளிலிருந்து கரைந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் கட்டியும் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஈரமாக இருக்கும்வரை சாது. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் உடம்புச் சூட்டில் காயும், காய்ந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும். எங்கள் தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, நினைவுக்கு வந்தது. வைத்தவன் குறி பன்றி. கடித்து வாய் கிழிவது மேயப்போன மாடு.

நம் வங்கக் கடலும் சுத்தமில்லை. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னை மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. அந்தப் பயத்தில் பிறந்த "எம்டன்" என்ற சொல்லை எங்கள் ஊர்க் கிழவிகள்கூட இன்னும் சொல்கிறார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தார்கள். விசாகப்பட்டினம், காக்கிநாடா மேல் குண்டு போட்டார்கள். மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தான் நீர்மூழ்கி 'காஸி' ஆயுதங்களோடு அடியில் போய்விட்டது. 2018 ஜூனில் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துப்பாக்கித் தோட்டாக்கள் வந்தன. எல்லாம் இலங்கைப் போர்க் காலத்து மிச்சம்.

இவற்றில் அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னது வேறொன்று. 2018-லேயே, கர்நாடகாவில் சிவமொக்கா மாவட்டத்து நகரா கிராமத்தில், ஒரு பாழுங்கிணற்றைத் தூர் வாரும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. திப்பு காலத்தவை. உள்ளே வெடியுப்பும் கரித்தூளும் அப்படியே இருந்தன. அந்தக் கிணற்றுச் சேற்றில் மருந்து வாடை அடித்ததால்தான் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பாராமகால் என்று அப்போது பேர் பெற்ற எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும், வெள்ளைக்காரனோடு போட்ட 1792 ஒப்பந்தம்வரை திப்பு ஆண்ட சீமைதான். "இருநூறு வருஷம் கழிச்சும் வாடை அடிச்சிருக்கா?" என்று கேட்டார் அப்பா. பிறகு நெடுநேரம் பேசவில்லை. கிணற்றுக்குள் முதலில் இறங்கிய ஆள் யாரோ, அந்த ஆளைத்தான் அவர் நினைத்திருப்பார்.

அன்றைக்கு அணையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா பேசியதும் இதைப் பற்றி இல்லை.

கடல்காரர் "சொல்லலண்ணே" என்று சொன்ன பிறகு அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். "நானும் ஒருதரம் சொல்லல தம்பி" என்றார். பர்கூர்க் கிணறு நடந்த அடுத்த வருடம். ஊத்தங்கரைப் பக்கம் வேறொரு கிணறு. ஆறு குழி. ஐந்து சத்தம்தான் கேட்டது. அந்த மேஸ்திரியும் அதையேதான் சொன்னார், ரெண்டு சேர்ந்து போச்சு என்று. ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. எனக்கும் தங்கைக்கும் பணம் கட்ட வேண்டும். பர்கூரில் கூலி போனது மட்டுமில்லை, "ஒத்துவராத ஆளு" என்று பேர் வந்து நாலு மாதம் யாரும் கூப்பிடவும் இல்லை. அப்பா தலையாட்டிவிட்டார். நோட்டில் குழி 6, சத்தம் 6 என்று எழுதிவிட்டார்.

மறுநாள் காலையில் இறங்கியது எங்கள் மாமா. அம்மாவின் தம்பி. வலது கையில் மூன்று விரல், வலது கண்.

மாமாவுக்கு வேட்டு விபத்தில் கை போனது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் இடது கையால் எனக்குப் பட்டம் செய்து கொடுத்திருக்கிறார். அந்த ஆறுக்குப் பின்னால் ஐந்து இருந்தது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட. முதல் தடவையாக ஒரு கடல்காரரிடம் சொன்னார். அவர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பா பக்கம் நகர்த்தினார்.

எனக்கு இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பாவுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. அந்த டிரைவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. சுத்தியலைத் தடுத்த கை அது. புள்ளி வைத்த கை அது. "மீனவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. விழிப்பாகத்தான் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைய கூலி போகும் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, சொல்லவில்லையே என்று அவனையே கேட்பது எந்த ஊர் நியாயம்? குண்டைச் செய்தவனுக்குக் காசு கிடைத்தது. கடலில் கொட்டிய கப்பல்காரனுக்கும் காசு கிடைத்தது. அதைக் கண்டுபிடித்துச் சொல்பவனுக்கு மட்டும் நஷ்டம் என்றால், சொல்வது நின்றுபோகும்.

டென்மார்க்கில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போர்ன்ஹோம் தீவு மீனவர் ஒருவர் வலையில் கடுகு வாயுக் கட்டி வந்தது என்று தெரிவித்தால், ஆட்கள் வந்து படகைச் சுத்தம் செய்வார்கள். விஷம் பட்ட மீன் அழிக்கப்படும். அழித்த மீனுக்கு அரசு பணம் கொடுக்கும். பால்டிக் கடலைச் சுற்றிப் பல நாட்டு மீனவர்கள் வலை விடுகிறார்கள், பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை டென்மார்க் மீனவர்கள் சொன்னவை. குண்டு அவர்கள் வலையைத் தேடிப்போய் விழவில்லை. சொன்னால் நஷ்டமில்லை என்பதால் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன இடங்கள் சேர்ந்துதான் வரைபடம் ஆகிறது. அந்த வரைபடம் பார்த்து அடுத்த படகு ஒதுங்கிப் போகிறது. நம் கரைக்கும் இதுதான் வேண்டும். வலையில் வெடிபொருள் என்று சொன்ன படகுக்கு அந்தப் பயணத்தின் மீன் காசும், அறுத்த மடியின் விலையும், கட்டிப்போட்ட நாளின் கூலியும் கைக்கு வர வேண்டும். தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை.

படிக்கும் கரைக்காரர்கள் யாராவது இருந்தால், நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். வலையில் அப்படி ஏதாவது வந்தால் தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், கரைக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீர் மட்டத்திலேயே தெரிந்துவிட்டால் படகில் ஏற்றவே வேண்டாம். ஏற்கெனவே மேலே விழுந்துவிட்டால் இன்ஜின் சூட்டுக்குத் தள்ளி வைத்து, மூடி, தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பழைய வெடிமருந்து காய்ந்தால் சின்ன அதிர்ச்சிக்கே வெடிக்கும். ஆட்கள் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். கடலோரக் காவல் படைக்கு 1554. தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. பிசுபிசுப்பான மஞ்சள் பழுப்புக் கட்டி, பூண்டு வாடை என்றால் கையால் தொடவே கூடாது.

அணையிலிருந்து திரும்பும்போது அப்பா காரில் ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் புள்ளி இன்னும் இருக்கா தம்பி?"

"படகு முதலாளி கருவியை மாத்திட்டாருண்ணே. எண்ணை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டு என்றதும் அப்பா முகம் மாறியது.

ஜூலையில் அவர் போன் செய்தார். அப்பாவுக்குக் காது கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். புள்ளியைத் தனியாகச் சொல்லப் பயந்து, ஊர்க் கூட்டத்தில் பேச்சை எடுத்திருக்கிறார். ஒரு படகு சொன்னால் அந்தப் படகைத்தான் கட்டுவார்கள், ஊராகச் சொன்னால் எந்தப் படகைக் கட்டுவார்கள் என்று பஞ்சாயத்தார் ஒத்துக்கொண்டார்களாம். கேட்கக் கேட்க மற்ற டிரைவர்களும் வாய் திறந்திருக்கிறார்கள். ஒருவர் பத்து வருடத்துக்கு முந்தியதைச் சொல்லியிருக்கிறார். மொத்தம் ஐந்து புள்ளி. ஒரே தாளில் எழுதி, ஊர் முத்திரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள்.

அப்பா எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கடைசி நோட்டை எடுத்துவந்தார். பின்பக்கத்தில் நாலு தாள் காலியாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி எழுதினார். ஊர் என்ற இடத்தில் "கடல்" என்று எழுதினார். குழி என்பதற்குக் கீழே 5. அடுத்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, போன் பக்கமாகக் குனிந்து, உரக்கச் சொன்னார்:

"பக்கத்து ஊர்லயும் கேக்கச் சொல்லுங்க தம்பி."